பராமரிப்பு தேவைப்படாத கொல்லை

1

இந்தக் கதை முழுக்க என்னுடையது அல்ல, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தஞ்சாவூரில் என் வீட்டுக் கொல்லையில் கல் பதிக்க வந்த இளையபெருமாள், சிமெண்டுக் கையோடு டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "அதிராம்பட்டினத்துல ஒரு வீட்டம்மா, பதிச்ச கல்ல நான் பேத்து எடுக்கறப்ப சந்தோஷப்பட்டாங்க சார். இப்படி ஒரு ஆள நான் பாத்ததே இல்ல." அவர் தந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: "ஃபஹ்மிதா தனிமையில் வாடி..."

அடித்துவிட்டேன். புருஷன் வெளிநாட்டில் என்றால் பெண்டாட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று எந்த மடையன் சொன்னான்? அந்த வீட்டம்மா ஃபஹ்மிதாவுக்கு ஐம்பது வயது. வாட அவளுக்கு ஏது நேரம்?

இரண்டாவது முயற்சி: "கொல்லைச் சுவரில் ஒரு கதவு இருந்தது." இது இருக்கட்டும்.

கதவுக்கு அந்தப் பக்கம் அனீஸா வீடு. அவள் வீட்டு நாவல் மரம்தான் ஃபஹ்மிதாவின் கொல்லைக்கும் சேர்த்து நிழல் போடுகிறது. தினமும் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் அனீஸா தெருவுக்கே போகாமல், புர்கா தேடாமல், உடுத்திய சேலையோடு அந்தக் கதவு வழியாக வருவாள். "லாத்தா, இன்னிக்கு என்ன ஆனம் காச்சினீங்க?" என்று அக்கா முறை வைத்துக் குழம்பு விசாரித்து ஆரம்பித்தால் இருவரும் ஊரையே அலசிக் காயப்போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். பதினெட்டு வருஷப் பழக்கம்.

3

ஷார்ஜாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருக்கும் கணவர் அப்துல் மஜீது அடுத்த மாதம் ஒரேயடியாக ஊர் திரும்புகிறார். அதற்கு முன்னால் கொல்லையை அழகாக்க ஒரு பிளான் அனுப்பினார். தரை முழுக்கக் கல். ஓரமெல்லாம் நிழலில் வளரும் ஸ்நேக் பிளான்ட். கதவைப் பெயர்த்துச் சுவர் எழுப்பி, அதில் வரிசையாகத் தொட்டி.

"இனிமே உனக்குக் கூட்டற வேலை கிடையாது புள்ள. மாசத்துக்கு ஒரு தடவ தண்ணி ஊத்துனா போதும். சாகச் சொன்னாலும் சாகாத செடி!" என்றார் வீடியோ காலில். இவ்வளவு ஆசையாகச் சொல்கிறவரிடம் என்ன பேசுவது? "சரிங்க" என்றாள் ஃபஹ்மிதா.

(மஜீதை வில்லனாக்க இரண்டு நாள் முயன்றேன். முறுக்கு மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

4

வேலைக்கு வந்தவர் இளையபெருமாள். அடுத்தவர் வயலில் மூன்று தலைமுறையாக நாற்றங்கால் சமப்படுத்திய குடும்பம். இப்போது சொந்தமாக இரண்டு மா நிலமும் கல் பதிக்கும் காண்ட்ராக்டும் இருக்கின்றன. கை மட்டும் பழசை விடவில்லை. கதவுப் பக்கத்தைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு மற்ற இடமெல்லாம் பதித்து முடித்த அன்று மழை பிடித்தது. தண்ணீர் எங்கும் ஓடாமல் இரண்டு விரற்கடைக்கு நின்றது.

"நாலு மூலையும் ஒரே மட்டம்! பாருங்கம்மா வேலைய!" என்று பெருமைப்பட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அட கஷ்டகாலமே! தண்ணி வடிய வாட்டம் வைக்காம, நடவுக்கில்ல சமன் பண்ணிட்டேன்!"

ஒரு கொக்கு வந்து இறங்கியது.*

கல்லையெல்லாம் பேர்க்க வேண்டியதாயிற்று. "நிதானமா பேருங்க, அவசரமே இல்ல" என்றாள் ஃபஹ்மிதா. முகம் கொள்ளாத சிரிப்பு. கதவுக்கு இன்னும் நான்கு நாள் ஆயுள் கிடைத்ததே!

* மிகை என்று கொக்கை எடுத்துவிட்டேன். மறுநாள் இந்தப் பக்கத்தைத் திறந்தால் நின்றுகொண்டிருந்தது. விரட்டியும் போகவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

5

முடிவு அ: இளையபெருமாள் எத்தனை முறை பதித்தாலும் மட்டமாகவே வருகிறது. கடைசியில் தோற்றுப்போய்க் கொல்லையில் குறுவை நடுகிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஃபஹ்மிதா சிரிக்கவில்லை.

முடிவு ஆ: கதவை விட்டுவிடச் சொல்லி ஃபஹ்மிதா போனில் கேட்கிறாள், மஜீது சம்மதிக்கிறார், சுபம். அவளைக் கேட்கவும் வைத்துவிட்டேன். மஜீதுதான் நான் எழுதாததைப் பேசிவிட்டார்.

"அது எதுக்கு புள்ள? பதினெட்டு வருஷத்துல ஒரு நாளாவது அந்தக் கதவு தொறந்து நான் பாத்ததில்லயே."

சத்தியமான பேச்சு. லீவில் அவர் வந்து இறங்கிய நிமிஷமே அனீஸா அந்தப் பக்கம் தாழ் போட்டுவிடுவாள். அந்நிய ஆம்பளை இருக்கும் வீட்டுக்குள் அவள் எப்படி இஷ்டத்துக்கு வருவாள்? அவர் விமானம் ஏறிய அன்று சாயங்காலம்தான் மறுபடி திறப்பாள்.

"நீங்க இருக்கறப்ப அது தொறக்காதுங்க" என்றாள் ஃபஹ்மிதா. சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது, கல்லைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று. சுவர் எழுப்பாவிட்டாலும் அடுத்த மாதம் அந்தக் கதவு மூடத்தான் போகிறது.

"அப்ப நான் வரட்டுமா, வேணாமா?" என்றார் மஜீது. கேலியா, நிஜமா என்று குரலில் தெரியவில்லை.

6

அவளுக்கு அவரும் வேண்டும், அனீஸாவும் வேண்டும். இத்தனை வருஷம் காத்திருந்தவள் வாயில் 'வேணாம்' என்று வைக்க எனக்கு மனம் வரவில்லை. 'வாங்க' என்று வைத்தால் நாளைக்கு அனீஸா முகத்தில் எப்படி விழிப்பாள்? ஒன்பது தடவை எழுதி அடித்துவிட்டேன். இவ்வளவுதான் மிச்சம்:

"நீங்க

இதற்கு மேல் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். யோசித்து எழுதுங்கள், ஆனால் சீக்கிரம். மனுஷன் இன்னும் லைனில்தான் இருக்கிறார்.