மூன்று கை வணக்கம்

செவ்வாய்க்கிழமைதோறும் பொன்னுரங்கம் இருப்பு அலுவலகத்துக்குப் போய், தான் இருப்பதைக் காட்டிவிட்டு வருவார். அதற்கு ஜன்னல் முன்னால் ஒரு முழு வணக்கம் வைக்க வேண்டும். இரண்டு கை சேராவிட்டால் ஆள் இல்லை என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்டவர்களுக்கு எதிர்க்கடையில் டீ கூடக் கிடைக்காது.

பக்கவாதத்தில் பொன்னுரங்கத்துக்கு வலது கை விழுந்துவிட்டது. அதே வரிசையில் நிற்கும் ஜெயக்கொடியம்மாளுக்கு இடது கை. அதனால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, அவருடைய இடது கையையும் அந்த அம்மாளின் வலது கையையும் சேர்த்து ஒரே வணக்கமாக வைப்பார்கள். பதிவேட்டில் அவர்கள் ஒரே ஆள்.

வரிசை நகர இரண்டு மணி நேரம் ஆகும்.

"கை ஈரமா இருக்கு சார். தொடைச்சிட்டு வந்தா என்ன?" என்பார் ஜெயக்கொடியம்மாள்.

"பாத்திரம் கழுவிட்டு நேரா வரேன்மா."

"ஒத்தக் கையாலயா?"

"பாத்திரமும் ஒண்ணுதான்."

"என்ன குழம்பு?"

"முந்தாநாள் குழம்பு."

ஒரு வாரத்தில் பொன்னுரங்கத்திடம் யாராவது கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். புதன்கிழமையே பதிலை யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

வணக்கம் முடிந்ததும் சிகிச்சை. அறை அதே கட்டடத்தின் கோடியில் இருந்தது. அவர் கை ஒரு அங்குலம் தேறினால் நடைபாதை பத்தடி நீளும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலர் எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்துத் தைத்திருந்தார்கள். அவர் டம்ளரைத் தூக்கப் பார்க்கும் நொடியில் பயிற்சி கொடுக்கும் ஷீபா பொத்தானை அமுக்குவாள். கழுத்து நரம்பில் குறுகுறுவென்று ஏதோ ஏறும்.

"கரண்டு கைக்குப் போகுதாம்மா?"

"கைக்கு எதுக்கு? மூளைக்குப் போகும். இப்ப செஞ்சது சரி, இதையே செய்யின்னு சொல்லிட்டு வரும்."

எழுபது வருஷத்தில் அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

ஒன்பதாவது வாரம் டம்ளர் மேசையை விட்டுக் கிளம்பியது. பொன்னுரங்கம் அவசரமாகக் கீழே வைத்தார்.

"தூக்கினீங்களே சார்."

"காத்தா இருக்கும்."

"ஃபேனே ஓடல. கை வந்தாச்சுன்னா உங்கள வெள்ளிக்கிழமை வரிசைக்கு மாத்திடுவாங்க. அங்க தனி ஆளா வைக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை."

"அந்த அம்மா?"

"வேற இடது கை கிடைக்கும் அவங்களுக்கு."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வலது கையை ஜிப்பாப் பைக்குள் விட்டுக்கொண்டு வந்தார். உள்ளே அது பஸ் டிக்கெட்டை நான்காக மடித்துக்கொண்டிருந்தது.

ஜன்னலில் இருந்தவர், "ஆள் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கோம்."

இரண்டு கையும் சேர்ந்தன. நடைபாதையின் மறுகோடியில் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்த ஷீபா, அவர் ஒரு கையைத் தூக்குவதைப் பார்த்து, பழக்க தோஷத்தில் பொத்தானை அமுக்கிவிட்டாள். வலது கை பையிலிருந்து கிளம்பி வந்து மற்ற இரண்டோடும் சேர்ந்துகொண்டது.

ஜன்னல்காரர் எண்ணிப் பார்த்தார். "மூணு இருக்கே."

"ஆமா."

"இது யாரோடது?"

ஜெயக்கொடியம்மாள் கையைப் பார்த்தார். பிறகு பொன்னுரங்கத்தின் முகத்தைப் பார்த்தார்.

"தெரியல சார். என்னோடது இல்ல," என்றார் பொன்னுரங்கம்.

"உங்க ஜிப்பாவுக்குள்ள இருந்துதான வருது?"

"கூட்டத்துல ஏறியிருக்கும்."

ஜன்னல்காரர் ஒரு சீட்டில் 'உரிமை கோரப்படாதது' என்று எழுதி மணிக்கட்டில் கட்டினார். "யாராவது தேடிக்கிட்டு வர்ற வரைக்கும் நீங்களே வச்சிருங்க. உங்க வேலைக்கு எடுக்கக் கூடாது."

வாசலில் ஜெயக்கொடியம்மாள் செருப்பைத் தேடியபடியே கேட்டார். "அடுத்த வாரம் வருவீங்கல்ல?"

"வருவேன்மா."

"தொடைச்சிட்டு வாங்க."

மத்தியானம் வீட்டில் அந்தக் கை தானாகவே சோறு போட்டது. டம்ளரில் தண்ணீர் ஊற்றி, சிந்தாமல் அவர் பக்கம் நகர்த்தி வைத்தது. பொன்னுரங்கம் இடது கையால் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்று அது கரண்டியோடு வந்தபோது, போதும் என்று தலையசைத்தார். யார் வீட்டுக் கையோ, நல்ல கையாக இருந்தது.

சாப்பிட்டு முடித்து, மரியாதைக்கு, எந்த ஊர் என்று விசாரித்தார்.

கை மணிக்கட்டைத் திருப்பிச் சீட்டைக் காட்டியது.