இன்றைய சறுக்கல்

அந்தச் சேனலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் அவர்களுக்கு ஓசி விளம்பரமாகிவிடும். இப்போது சம்பாதிப்பது போதாதா?

அருமனையில் டிவி, மிக்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பெயர் எபிசன். கடையில் எந்நேரமும் ஏதாவது ஒரு டிவி ஓடிக்கொண்டிருக்கும். ஓடவிட்டுப் பார்த்தால்தானே பழுது தீர்ந்ததா என்று தெரியும்? அந்தப் பாவத்துக்கு, ஊரில் வேறு யாரும் பார்க்காத அளவுக்கு விளையாட்டுச் செய்தி பார்த்துத் தொலைக்கிறேன். ஒரு கிரிக்கெட் வீரர் தலைமுடிக்குச் சாயம் மாற்றினால் நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பேசுகிறார்கள். நடுவில் பந்தயச் செயலி விளம்பரம் வருகிறது. அதிலும் அதே வீரர், அதே முடி. செய்தி எங்கே முடிந்தது, விளம்பரம் எங்கே தொடங்கியது என்று டிவியையே பிரித்துப் பூட்டுகிற எனக்கும் பிடிபடுவதில்லை.

எங்கள் கிறிஸ்தவ சபையில் ரசலையன் அண்ணனின் மகள் அபினா, தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். ரசலையண்ணன் ரப்பர் பால்வெட்டுக்காரர். விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விட்டு, மதியத்துக்கு மேல் மகளை சைக்கிளில் வைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போவார். கிளவுஸ் பிய்ந்தால் பச்சை நூல் போட்டுத் தைத்துக் கொடுப்பார். அந்தப் பெண்தான் இந்த வருடம் தேசியப் போட்டியின் இறுதியாட்டம் வரைக்கும் போனாள்.

ஆட்டம் டிவியில் வரவில்லை. அந்தச் சேனலின் போன் செயலியில் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் வந்தது. நான் கட்டினேன். கடை வாசலில் பெரிய திரையில் இணைத்துப் போட்டேன். பாதி ஊர் வந்து நின்றது. ஆட்டம் நடந்த இடத்தில் நல்ல மழை. எதிரணி அடித்த பந்துகளை அவள் பிடித்த பிடி இருக்கிறதே, ஒவ்வொன்றுக்கும் என் தொண்டை கிழிந்தது. ஆறு பந்து, ஆறும் கோலாக வேண்டியவை. கடைசியில் தூரத்திலிருந்து வந்த ஒரு பந்து சேற்றில் குத்தி, கையில் பட்டு வழுக்கி உள்ளே போனது. அதோடு தோற்றார்கள். நாங்கள் எல்லாரும் விடாமல் கைதட்டினோம். ரசலையண்ணன் அழுதார், ஆனால் அது பெருமையில் வந்த அழுகை.

அன்று மாலை விளையாட்டுச் செய்தியில் அவளைக் காட்டினார்கள். ‘இன்றைய சறுக்கல்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. வழங்குவோர், வழுக்காத தரைக்கான ஒரு டைல்ஸ் கம்பெனி. பந்து அவள் கையிலிருந்து வழுக்குகிறது, உடனே பீப்பி ஊதுகிற சத்தம், யாரோ கெக்கெக்கே என்று சிரிக்கிற சத்தம், அடுத்து பளபளவென்று டைல்ஸ். ஒரு மணிநேரத்துக்கு ஒரு முறை இதையே போட்டார்கள். பிடித்த ஆறு பந்தில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அவள் ஊர் பெயரையோ, இறுதியாட்டம் வரை வந்த அணி என்பதையோ யாரும் சொல்லவில்லை.

சேனலுக்குப் போன் போட்டேன். விளம்பரம் கொடுக்க ஒன்றை அழுத்துங்கள், சந்தா கட்ட இரண்டை அழுத்துங்கள் என்றது. திட்ட நினைக்கிறவனுக்கு எந்த எண்ணும் இல்லை. கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் போகும் எங்கள் கேரல் குழுவில் பாடும் சிஜோ அந்த ஆறு பந்தையும் வெட்டி ஒட்டி இணையத்தில் ஏற்றினான். மறுநாளே அது காணாமல் போனது. உரிமை சேனலுக்காம். அவர்கள் காட்டவும் மாட்டார்கள், நம்மைக் காட்டவும் விட மாட்டார்கள்.

அபினா சென்னையில் கல்லூரி விடுதிக்குத் திரும்பியிருந்தாள். ஜனவரியில் நடக்கவிருந்த இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். போக மாட்டேன் என்றாள். கிறிஸ்மஸுக்கும் ஊருக்கு வர மாட்டேன் என்றாள்.

"ஊருல எல்லாரும் எனக்க மூஞ்சியப் பாத்துச் சிரிப்பாவப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம்.

ரசலையண்ணன் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "எபிசா, ஊரு அவளப் பாத்துச் சிரிக்கலேன்னு அவளுக்கு எப்படிலே தெரியப்படுத்துவேன்? நான் சொன்னா அப்பன் சொல்லுதான்னுதான் நினைப்பா."

அன்றைக்குச் சேனலுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கெட்ட வார்த்தைகளை எடுக்கச் சொன்னது என் மனைவி தேவகனி. எடுத்தபின் நாலு வரிதான் மிஞ்சியது.

யாரும் எதிர்பார்க்கவில்லை, சேனலிலிருந்து ஒரு பெண் நிருபர் கூப்பிட்டார். நல்ல மரியாதையான குரல். "அண்ணா, கிறிஸ்மஸ் ஸ்பெஷலா பண்ணலாம். அபினாவோட ஊர், மக்கள், அவங்க அப்பா. உங்க ஊர்ல மேளம், கிறிஸ்மஸ் தாத்தா எல்லாம் இருக்குமாமே? அதெல்லாம் இருந்தா விஷுவல் நல்லா இருக்கும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சபையில் அறிவிப்பே செய்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கேரல் குழுவில் கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் எப்போதும் ரசலையண்ணனுக்குத்தான். சிவப்பு அங்கி, வயிற்றில் தலையணை, முகமூடி. எல்லாருக்கும் தெரியும் அது அவர் என்று. ஆனால் வேஷம் போட்டபின் தாத்தா வாய் திறக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு முன்னால் முகமூடியைக் கழற்றக் கூடாது. அது இன்னார் என்று யாரும் சொல்லவும் கூடாது. சொன்னால் பிள்ளைகளுக்கு அந்த வருடக் கிறிஸ்மஸே போச்சு. என் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

"அந்த டிவிக்காரப் பொண்ணு வரும்போ அண்ணன வேஷமில்லாம மனுசனா நிக்கச் சொல்லுங்க" என்றாள் தேவகனி. நான் கேட்கவில்லை. முதலில் தாத்தா பந்து பிடிக்கிற ஆட்டம், பிறகு பின்பக்கம் போய் வேஷத்தைக் கலைத்துவிட்டு அப்பாவாக வந்து பேட்டி என்று திட்டம் போட்டிருந்தேன். பெரிய இயக்குநர் என்று நினைப்பு.

நிருபரும் கேமராக்காரரும் வந்தார்கள். வந்தவர்களுக்கு இளநீர்க் கருக்கு வெட்டிக் கொடுத்தோம், சால்வை போட்டோம். பிள்ளைகள் மொத்தமும் கூடிவிட்டார்கள். யாரும் போனில் படம் எடுக்காதீர்கள், இது எங்கள் சேனலுக்கு மட்டும் என்று கேமராக்காரர் சொன்னார். நாங்களும் கீழ்ப்படிந்து போன்களைப் பைக்குள் வைத்தோம். இன்றுவரைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுவது இதற்குத்தான்.

நான் மேளம் அடித்தேன். தாத்தா வந்தார். கையில் கிளவுஸ். அபினா முதன்முதலில் போட்டு விளையாடிய பழைய கிளவுஸ், பச்சை நூல் தையலோடு. பீரோவிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். எனக்கே அது தெரியாது. சிஜோ பந்தை உதைத்தான். ரசலையண்ணன் அந்த வயதில், அந்தத் தலையணை வயிற்றோடு, இடப்பக்கம் பாய்ந்து பிடித்தார். அடுத்தது வலப்பக்கம். மகள் பிடித்த ஆறையும் அதே வரிசையில் பிடித்துக் காட்டினார். வாயால் சொல்ல முடியாதவர் உடம்பால் சொன்னார். கூட்டம் ஒவ்வொன்றுக்கும் "அபினா! அபினா!" என்று கத்தியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சூப்பர் அண்ணா" என்றார் நிருபர். "அந்த விட்ட கோலையும் ஒரு தடவை செய்யச் சொல்லுங்களேன். அப்பதான் கம்ப்ளீட்டா இருக்கும்."

நான் தாத்தாவைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். உள்ளதை உள்ளபடி காட்டுவோம் என்று நினைத்திருப்பார். பந்து வந்தது, கையில் பட்டு வழுக்கியது, அவர் மண்ணில் குப்புற விழுந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாத்தா விழுந்தால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்யும்.

"அபினாவோட அப்பா எங்க?" என்று கேட்டார் நிருபர்.

சுற்றிலும் பிள்ளைகள் நிற்கிறார்கள். தாத்தா பக்கத்தில்தான் நிற்கிறார், மூச்சு வாங்குகிறது. "இப்ப வந்துருவாரு மேடம்" என்றேன். அண்ணன் வேஷத்தைக் கலைக்கச் சபைக்குப் பின்னால் நடந்தார். அந்த நேரம் பார்த்து நிருபருக்குப் போன் வந்தது. கடலோர வட்டக்கோட்டையில் விளம்பரப் படப்பிடிப்புக்கு ஒரு கிரிக்கெட் வீரர் வந்து இறங்கியிருக்கிறாராம், உடனே போக வேண்டுமாம். "சாரி அண்ணா, அப்பா பேசுற பைட்ட போன்ல எடுத்துக்கறேன்" என்று காரில் ஏறிவிட்டார். வேட்டி சட்டை மாற்றி, தலை சீவி, ரசலையண்ணன் வந்து நின்றபோது கார் போன புழுதிதான் இருந்தது.

"நான் பேசவேண்டியத எழுதிவெச்சு மனப்பாடம் பண்ணிருந்தேன் எபிசா" என்றார்.

அதன்பின் யாரும் போன் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து ஒளிபரப்பானது. கடை வாசலில் மறுபடியும் கூட்டம். முதலில் வட்டக்கோட்டைச் சுவரில் சாய்ந்து கிரிக்கெட் வீரர் சிரித்தார், வெகுநேரம் சிரித்தார். பிறகு ‘இன்றைய சறுக்கல்’ இசை வந்தது. திரையில் தாத்தா. பந்து வழுக்குகிறது, குப்புற விழுகிறார், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மறுபடி விழுகிறார். மெதுவாக ஒரு முறை. கீழே எழுத்து ஓடியது: ‘சொந்த ஊரிலேயே கேலிப்பொருளான கோல்கீப்பர்!’ கூட்டம் "அபினா, அபினா" என்று கத்தியதை எடுத்து அந்தச் சிரிப்புக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். அடுத்து பளபளவென்று டைல்ஸ்.

யார் முதலில் கலைந்து போவது என்று தெரியாமல் நின்றோம்.

ரசலையண்ணனின் போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பார். அபினாவின் குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அப்பா, அது எனக்க கிளவுஸ்தானே?"

"மக்ளே..."

"பச்சை நூலு தெரிஞ்சுதுப்பா. ஹாஸ்டல் ஹால்ல எல்லாரும் இருந்து பாத்தோம். நீங்களுமாப்பா?"

"இல்ல மக்ளே, அப்பா பிடிச்சேன். ஆறையும் பிடிச்சேன். நீ பிடிச்ச மாதிரியே. அவிய அத காட்டல்ல. எபிசன் இருக்கான், கேளு, சிஜோவக் கேளு..."

நான் போனை வாங்கி உள்ளதையெல்லாம் சொன்னேன். ஒரு நிமிடத்துப் படம்கூட எங்களிடம் இல்லை என்பது சொல்லும்போதுதான் உறைத்தது. என் சொல்லை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? டிவியில் பார்த்தது எவ்வளவு தெளிவாக இருந்தது!

"சரி மாமா" என்றாள். நம்பியவள் சொல்லும் சரி இல்லை அது. "ஹால்ல இன்னும் சிரிச்சிட்டு இருக்காவ. நான் வைக்கேன்."

நிருபருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் தோன்றியது. "நான் முழுசா அனுப்பினேன் அண்ணா. அங்க வெட்டுறது நான் இல்ல" என்றார். அவரை என்ன சொல்வது? வெட்டுகிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு எண் உண்டா? வைக்கும் முன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணா, அந்தத் தாத்தாவா நடிச்சவரோட நம்பர் கிடைக்குமா? டைல்ஸ் கம்பெனில விளம்பரத்துக்குக் கேக்குறாங்க."

நான் இணைப்பைத் துண்டித்தேன். என் கோபம் அவ்வளவுக்குத்தான் லாயக்கு.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மாலை. அபினா வரவில்லை. முகாமைப் பற்றிக் கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாளாம். இந்த வருடம் தாத்தா வேஷம் வேறு யாராவது போடட்டும் என்றேன். ரசலையண்ணன் கேட்கவில்லை. "பிள்ளைகளு என்ன பாவம் செய்துதுலே?" என்று அங்கியை மாட்டினார். கிளவுஸை மட்டும் எடுக்கவில்லை.

முதல் வீட்டிலேயே ஒரு பயல் பந்தோடு நின்றான். "தாத்தா, டிவில விழுந்த மாதிரி விழுங்க!" பந்தை உதைத்தான். தாத்தா பிடித்தார். பயலுக்கு முகம் சுருங்கியது. அடுத்த வீட்டிலும் பந்து. பிடித்தார். அதற்கடுத்த வீட்டிலும். எங்கே போனாலும் பிள்ளைகள் பந்தோடு காத்திருந்தார்கள், ஒரு பிள்ளைகூட மகிழவில்லை. எனக்கு அவர்கள் மேலும் ஆத்திரம் வந்தது. அது நியாயமில்லைதான்.

சிலுவைதாசன் வீட்டு முற்றத்தில் அவருடைய சின்னப் பேத்தி பந்தை உருட்டிவிட்டாள். தாத்தா குனிந்து எடுத்தார். குழந்தை ஓவென்று அழ ஆரம்பித்தது. "இது டிவித் தாத்தா இல்ல. இது வேற ஆளு. டிவித் தாத்தா வேணும்." தாய் தூக்கிப் பார்த்தாள், மிட்டாய் கொடுத்துப் பார்த்தாள். அடங்கவில்லை.

ரசலையண்ணன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பேசக் கூடாது, முகமூடியைக் கழற்றக் கூடாது. பிறகு பந்தைக் குழந்தையிடம் திருப்பிக் கொடுத்து, பின்னால் நடந்து போய், முழங்காலை மடக்கி நின்றார்.

குழந்தை உருட்டியது. மெதுவாக வந்த பந்து. கைக்குள் வந்ததை அவர் வேண்டுமென்றே விரலை விரித்து நழுவ விட்டார். விட்டுவிட்டுக் குப்புற விழுந்தார்.

குழந்தை கைகொட்டிச் சிரித்தது. வீடே சிரித்தது. எழுந்திருக்க அவருக்கு நேரமாயிற்று. சிஜோ என்னைப் பார்த்தான். தாத்தா விழுந்தால் மேளம் அடிக்க வேண்டும், அதுதான் முறை. நான் அடித்தேன்.