காஜா மட்டும்தான் பாக்கி

தையல்காரர்கள் "காஜா மட்டும்தான் பாக்கி" என்றால், பொத்தான் துளை இருக்கட்டும், துணியில் இன்னும் கத்திரியே படவில்லை என்று அர்த்தம். தையல்கார மாமாவின் அக்கா மகளுக்கு அது தெரியாது. நாளைக் காலை அவளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. அதற்கு ஒரு கோட்டு வேண்டுமென்று வாரக்கணக்கில் மாமாவின் கடைக்கு நடையாய் நடந்தாள். அவரும் வாய் கூசாமல் அதே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தார்.

இன்று மதியம் வந்தவள் பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"கோட்டக் குடுங்க மாமா. காஜாவ நானே போட்டுக்கறேன். நீங்க மாடா உழைக்கிறீங்கன்னு அம்மா சொன்னாங்க."

மாமா அலமாரியைத் திறந்தார், மூடினார். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டார். கண்ணாடியைத் துடைத்தார். இப்படிப்பட்ட மனிதரை நாலு உலுக்கு உலுக்கத்தான் நமக்குத் தோன்றும். கடைசியில் வேறு வழியில்லாமல் அலமாரியிலிருந்த பையை எடுத்துக் கவிழ்த்தார். துணிக்கடைக்காரர் மடித்துக் கொடுத்த மடிப்பு கலையாமல் கறுப்புத் துணி வந்து விழுந்தது.

அவள் துணியைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"சோம்பேறித்தனமா மாமா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

"பயம் கண்ணு. போன வருஷம் ஒருத்தரோட கோட்ட, தோள்ல தப்பா வெட்டிக் கெடுத்துட்டேன். இது உங்கம்மா ஆசையா வாங்குன துணி. கத்திரிய எடுத்தாலே கை நடுங்குது. நாளைக்குப் பாத்துக்கலாம்னு வச்சா அன்னிக்கு நிம்மதி. மறுநாள் பயம் ரெட்டிப்பா வந்து நிக்குது."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"எனக்கும் நாளைய நெனச்சாத் தூக்கமே வர்றதில்ல," என்றாள் அவள். "பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூடவே வந்து உக்காந்திருப்பேனே. ரெண்டு பேரும் தனித்தனியா பயந்துக்கிட்டு இருந்திருக்கோம்."

மாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துணியை மேஜைமேல் விரித்தார். அளவெடுத்துச் சாக்பீஸால் கோடு போட்டார். கத்திரியைப் பிடித்த கை அவள் கண்ணெதிரே ஆடியது.

அவள் துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நடுங்குனா நடுங்கட்டும் மாமா. வெட்டுங்க."

வெட்டினார்.