முதல் வரிசை

ராவ் பகதூர் ஸ்ரீனிவாசராகவன் தயாரித்த நிகழ்ச்சி நிரலில் மொத்தம் பத்து அயிட்டங்கள். கச்சேரி ஒன்பதாவது. முதல் எட்டும், யார் யாரை எவ்வளவு நேரம் புகழ்வது என்பது பற்றியவை.

ஃப்ளோரன்ஸ் அதை இரண்டு தரம் படித்தாள். சாந்தோம் கடற்கரையை ஒட்டியிருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கு அவள் பாட்டு டீச்சர்; ராவ் பகதூர் கமிட்டித் தலைவர். மவுண்ட் ரோடு ஹோட்டல் ஒன்றில் தினமும் வாசிக்கும் பதினெட்டுப் பேர் ஆர்கெஸ்ட்ராவைக் கெஞ்சிக் கூத்தாடி இலவசமாக வரவழைத்தது அவள்தான். போன கார்த்திகைப் புயலில் பள்ளி ஹாலின் கூரை கிளம்பியபோது, கட்டுமரக் கயிறுகளோடு ஓடிவந்து அதை இழுத்துக் கட்டியவர்கள் குப்பத்து ஜனங்கள். கச்சேரி அவர்களுக்காக. "எல்லாரும் ஹாலுக்குள்ள உட்கார்ந்து கேட்கலாம்" என்று குடிசை குடிசையாகப் போய் வாக்குக் கொடுத்திருந்தாள்.

நிரலின் அடியில் ஒரு குறிப்பு: 'குப்பத்தவர் ஜன்னலுக்கு வெளியே மணலில் அமரலாம்.'

"ஹால்ல இடம் இருக்கே, சார்?"

"இடம் இருக்கும்மா. அந்தஸ்துன்னு ஒண்ணு இருக்கோல்லியோ? ஜட்ஜ் வரார், ஜமீன்தார் வரார். மீன் வாசனைல அவாளை எப்படி உக்கார வெக்கறது? மீறினேள்னா, அடுத்த டெர்முக்கு வேற பாட்டு டீச்சர் பாக்க வேண்டியிருக்கும்."

சனிக்கிழமை வந்தது. ஆர்கெஸ்ட்ரா தலைவர் காஸ்பர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"ஏழு மணிக்கு நாங்க ஹோட்டல்ல இருக்கணும், டீச்சர். அஞ்சரைன்னா அஞ்சரை. வாசிக்கிறப்போ கதவு திறக்கக் கூடாது, கவர்னரே வந்தாலும்."

ஐந்தரை. ராவ் பகதூர் வீட்டிலிருந்து வந்த மூன்று சோபாக்களும் வெள்ளை உறை போட்டுக் காலியாகக் கிடந்தன. நிலவரம் பார்க்கப் போன பியூன் மண்ணாங்கட்டி சைக்கிளில் திரும்பி வந்தான்.

"எல்லாரும் வந்துட்டாங்க டீச்சர். ஆனா வரல."

"என்னப்பா உளர்றே?"

"ஜட்ஜு காரு கச்சேரி ரோட்டு முனைல நிக்கிது. ஜமீன்தாரு காரு லஸ்ஸாண்ட கீது. ஜட்ஜு பூந்தப்புறம்தான் ஜமீன்தாராம். ஜமீன்தாரு பூந்தப்புறம்தான் ஜட்ஜாம். ரெண்டு பேரும் பூந்தாத்தான் நம்ப ராவ் பகதூராம். அவுரு சர்ச்சுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு கீறாரு."

பெரிய மனிதர் கடைசியில் வர வேண்டும் என்பது ஊர் வழக்கம். முதலில் வருகிறவன் ஜமக்காளம் விரிக்க வந்தவன். ரேஷன் பெட்ரோலில் ஊர்ந்து வந்த மூன்று கார்களும் மூன்று மூலைகளில் மானத்தைக் காத்துக்கொண்டு நின்றன.

ஃப்ளோரன்ஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். குளித்து, எண்ணெய் வைத்துப் படிய வாரி, நூறு பேருக்கு மேல் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். மீன் விற்கும் கோவிந்தம்மா கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் ஊதாப் புடவையில் வந்திருந்தாள். வேலை போனால் போகட்டும் என்று நினைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. கதவை விரியத் திறந்தாள்.

"உள்ள வாங்க, எல்லாரும்! முன்னால சோபால உட்காருங்க!"

"சோபாலயா? இன்னா டீச்சர், ராவ் பகதூரு பாத்தா உன் வேலையப் புடுங்கிடுவாரே!"

"பார்த்துக்கலாம். நீ உட்காரு, கோவிந்தம்மா."

உட்கார்ந்தவள் அலறினாள். "யம்மாடி! உள்ள இஸ்துக்கினு போவுதே இது!"

காஸ்பர் கோலைத் தூக்கினார். பதினெட்டு வாத்தியங்களும் ஒரே மூச்சில் முழங்கின. ஹோட்டலில் அவர்கள் வாசிப்புக்குக் கரண்டிச் சத்தம்தான் பக்க வாத்தியம். இங்கே ஓர் இருமல்கூட இல்லை. அந்த அமைதியைக் கேட்டு அவர்களுக்கே ரோஷம் வந்துவிட்டது. பல வருஷமாக வாசிக்காத மாதிரி வாசித்தார்கள்.

சத்தம் சர்ச்சுக்குப் பின்னால் எட்டியதும் ராவ் பகதூர் கார் அலறிக்கொண்டு கிளம்பியது. வேவு பார்க்க வைத்த ஆட்கள் ஓடிப்போய்ச் சொல்ல, மற்ற இரண்டும் கிளம்பின. வராந்தாவில் மண்ணாங்கட்டி கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"பாட்டு முடியற வரிக்கும் தெறக்காது, சாமி."

"நான் யார் தெரியுமோடா?" என்று எகிறினார் ராவ் பகதூர்.

"தெரியும் சாமி. கவர்னரே வந்தாலும் தெறக்காதுன்னு உத்தரவு."

வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்று பெரிய மனிதர்களும் ஒரே நேரத்தில் ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்து நின்றார்கள்.

பாட்டு முடிந்தது. இழுத்துக் கட்டியவர்களே கூரையை மறுபடி கிளப்பிவிடுவார்கள் போலக் கைதட்டினார்கள். கதவு திறந்ததும் ராவ் பகதூர் பேச்சுக் காகிதங்களோடு பாய்ந்து வந்தார். ஃப்ளோரன்ஸ் இடத்தை விட்டு அசையவில்லை.

கோவிந்தம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். "வா சாமி, இப்டி குந்து. சோக்கா கீது, கேளு."

ராவ் பகதூர் வாயைத் திறப்பதற்குள், பின்னாலேயே வந்து, நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் தவித்த ஜட்ஜ் அந்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே!

"பேஷ், ராவ் பகதூர்! எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சிருக்கேளே! இந்த மனசு யாருக்கு வரும்?"

வெடிக்க இருந்த முகம் மெல்ல மலர்ந்தது. "ஏதோ... என்னாலானது."

ஃப்ளோரன்ஸ் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். நேரே மேடை ஏறினாள்.

"ராவ் பகதூர் அவர்களின் விருப்பப்படி, இனி வருஷா வருஷம் இதே ஹாலில் இதே மாதிரி கச்சேரி நடக்கும். முதலில் வருகிறவர்களுக்கு முதல் வரிசை!"

ஹால் அதிர்ந்தது. ராவ் பகதூர் நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். மறுத்துப் பேச இனி வழியில்லை.

"பேசினது போதும்," என்றாள் கோவிந்தம்மா, மீன் கூவி விற்கும் அதே குரலில். "நீ வாசி நைனா!"

காஸ்பர் கோலைத் தூக்கினார். மிச்சம் இருந்தது ஒண்ணாம் கிளாஸ் குழந்தைகளின் குட்டை பெஞ்சு ஒன்றுதான். ஜமீன்தாரும் ராவ் பகதூரும், முழங்கால் மோவாயில் முட்ட, அதில் போய் உட்கார்ந்தார்கள்.