மாமா எழுந்து நடந்த நாள்

பக்கவாதம் வந்ததிலிருந்து கட்டிலை விட்டுத் தானாக இறங்காத மனுஷர், அரசாங்க அதிகாரியைக் கண்டதும் மாப்பிள்ளை மாதிரி எழுந்து நின்றார். மருமகளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

பல் தேய்த்துவிடுவது முதல் கால் கழுவிவிடுவது வரை அவருக்கு எல்லாம் அவள்தான். லாரி ஓட்டும் புருஷன் வீடு தங்குவதே அதிசயம். இன்னொரு நாள் லீவு போட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனியின் சூப்பர்வைசர் சொல்லியாகிவிட்டது. முடியாத பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள அரசாங்கமே பகலில் ஓர் ஆளை அனுப்பும் என்று கேள்விப்பட்டு, நாயாய்ப் பேயாய் அலைந்து இந்த அதிகாரியை வீட்டுக்கு வரவழைத்திருந்தாள். ஆள் கிடைத்தால்தான் வேலை தங்கும்.

வெளிநாட்டில் இருக்கும் கொழுந்தன் வாரம் தவறாமல் அப்பாவுக்குப் போன் போட்டு வாய்ப்பந்தல் போடுவான். இந்த நாட்டில் முதியவர்களுக்கு இன்ஷூரன்ஸ், அந்த நாட்டில் நர்ஸ் வீடு தேடி வருவாள், நம்ம ஊர் சுத்த மோசம். பேசுவதற்குக் காசா பணமா!

"தனியா நடப்பீங்களா பெரியவரே?" என்றார் அதிகாரி.

"ஓ, நடப்பேனே." சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தே காட்டினார்.

"பாத்ரூம்?"

"நானே போயிக்குவேன்."

"சார், அவர் சொல்றது பொய். ராத்திரி பூரா நான்தான் முழிச்சுக் கிடக்கேன்" என்றாள் அவள்.

"அவரைப் பேச விடுங்கம்மா." அதிகாரி கையிலிருந்த செல்போனில் பதில்களைத் தட்டிப் பார்த்தார். "உதவி தேவையில்லைன்னு வருது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி எழுதிப் போடுங்க."

படிக்கட்டு வரை பின்னாலேயே ஓடினாள். "வேற நாட்டுலல்லாம் கூட இருந்து பாக்குறவங்களையும் கேப்பாங்களாமே சார்?"

"அது அந்த நாடும்மா" என்று அவர் இறங்கிப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது மாமா ஜன்னல் கம்பியில் தொங்காத குறையாக நின்றிருந்தார். கால் வெடவெடத்தது, துணி நனைந்திருந்தது.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே மாமா. இத்தனை வீம்பு எதுக்கு?"

"வீம்பு இல்லம்மா, உனக்காகத்தான்" என்றார் அவர். "சின்னவன் சொன்னான். அங்கெல்லாம் ஆபீசர் வந்து பாப்பாங்களாம். கிழவன் முடியாம கிடந்தா, மருமக சரியா பாத்துக்கலைன்னு எழுதி, முதியோர் விடுதியில கொண்டுபோயிப் போட்டுருவாங்களாம். உனக்குக் கெட்ட பேரு வரலாமா?"

இதற்கு அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? அவரைத் துடைத்து, துணி மாற்றிப் படுக்க வைத்தாள். பிறகு கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க அண்ணி. ஆபீசர் வந்தாரா? எங்க நாட்டுல பாத்தீங்கன்னா..."

"உங்க நாட்டைப் பாத்தது போதும் தம்பி. திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகணும். நீங்க வந்து உங்க அப்பாவைக் கழுவிவிடுங்க."

"அதெப்படி அண்ணி? திடீர்னு கேட்டா லீவு தரமாட்டாங்களே."

"எனக்கும்தான் தரமாட்டாங்க" என்றாள் அவள்.