ஒண்ணும்பண்ணாப் பூண்டு

பல்லடத்தில் விசைத்தறி வைத்திருக்கும் சென்னகிருஷ்ணனின் நிழல் ஒரு சித்திரை மாதத்தில் செடியாக விழ ஆரம்பித்தது. ஆள் மாறவில்லை, வேட்டி, சட்டை, மீசை எல்லாம் அப்படியே இருந்தன. நிழல் மட்டும் இலையும் கொப்புமாய், காற்றில்லாத வேளையிலும் அசைந்துகொண்டு கிடந்தது. தோள்பட்டை வலிக்கு அவர் குடித்த கஷாயம்தான் காரணம் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. தறிக்கூடத்துக்குப் பின்னால் வேலியோரம் தானாக முளைக்கும் ஒரு பூண்டுச் செடியில் காய்ச்சியது அது. வலி போயிற்று, நிழல் எப்படி விழுந்தால் என்ன என்று அவர் நூல் வாங்கப் புறப்பட்டுவிட்டார். கொஞ்ச நாளில் தறிக்காரர்களில் பாதிப்பேருக்குச் செடி நிழல். மாலை வெயிலில் அவர்கள் டீக்கடை முன்னால் நின்றால் சுவரில் ஒரு தோப்பே தெரிந்தது. தேனீக்கள் வந்து சுவரை மொய்த்தன. கடைக்காரர் பஜ்ஜித் தட்டை மூடிவைத்தார்.

குடித்தால் ஏதாவது பண்ணுமா என்று கேட்டவர்களிடமெல்லாம் “ஒண்ணும் பண்ணாதுங்க” என்று சொல்லிச் சொல்லியே அதற்கு ஒண்ணும்பண்ணாப் பூண்டு என்று பெயர் நிலைத்துவிட்டது. தாவரவியல் புத்தகத்தில் இலையின் வடிவமும் பூவின் நிறமும் இருந்தன. எந்த நோய்க்கு ஆகும், எவ்வளவு குடிக்கலாம், கல்லீரல் தாங்குமா என்று யாரும் பார்த்ததில்லை. பீளமேட்டில் மருந்தியல் ஆய்வு செய்துகொண்டிருந்த ரம்ஷா அதைக் கையில் எடுத்தாள். அவளுக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. கோட்டைமேட்டு வீட்டில் அவள் அம்மா உம்மல் குல்சும் முழங்கால் வலியால் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதார். நெற்றி தரையில் பட ஒரு சஜ்தா செய்துவிட்டால் போதும், வேறு ஆசையே இல்லை என்பார். பல்லடத்துக்குத் துணி எடுக்கப் போன மாமா பஷீர் ஒரு பை நிறையப் பூண்டு கொண்டுவந்து கொடுத்திருந்தார். நான் பார்த்துச் சொல்லும்வரை தொடக்கூடாது என்று ரம்ஷா அதைப் பரணில் ஏற்றிவைத்தாள்.

முதலில், சோதனைக்காகப் பாதத்தை வீங்கவைத்த எலிகளுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். வீங்கிய பாதம் வற்றவில்லை, நிழலும் எலியாகவே விழுந்தது. அன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா என்ன ஆச்சு என்று கேட்க, “ஒண்ணும் பண்ணலைம்மா” என்று அலுத்துக்கொண்டாள். ஒரு பலனும் இல்லை என்று மகள் சொன்னாள். ஒரு கெடுதலும் இல்லை என்று அம்மா கேட்டுக்கொண்டார். தமிழ் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு நின்றது. மறுநாளே பை பரணிலிருந்து இறங்கியது.

ரம்ஷா அளவைக் கூட்டினாள். பாதம் வற்றியது. கூண்டுத் தரையில் விரல்நீளச் செடிகளாக நிழல்கள் ஓடித் திரிவதைப் பார்த்து அவளுக்கு மேல் சிலிர்த்தது. படித்ததெல்லாம் மறந்து, கைகூப்பாத குறையாக நின்றாள். இன்னும் கூட்டியபோது நிழல்களில் இலைகள் தொங்கிப்போயின. ரத்தத்தைச் சோதித்தாள். அந்த எலிகளுக்குக் கல்லீரல் கெட்டிருந்தது.

இதை யோசித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தவள், அம்மா தரையில் பாய் விரித்துத் தொழுவதைக் கண்டாள். நெற்றி பாயில் பட்டிருந்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அதைப் பார்த்ததில் அவளுக்குக் கண் நிறைந்தது. அப்புறம்தான் ஜன்னல் வெயிலில் அம்மாவின் நிழலைப் பார்த்தாள். இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது.

“குடிச்சுப்போட்டேன் கண்ணு. நீதானே ஒண்ணும் பண்ணலைன்னே” என்றார் உம்மல் குல்சும். காலையும் மாலையும் முழு டம்ளர். ஒன்றும் பண்ணாததில் அளவு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று நினைத்தாராம். அவருடைய கண்கள் மஞ்சளாக இருந்தன.

ஆஸ்பத்திரியில் பயந்த நாட்கள் நீளமானவை. நானே என் வாயால் சொல்லிக் குடிக்கவைத்தேன் என்று ரம்ஷா அழுதாள். கஷாயம் நின்றது. மெல்ல மஞ்சள் இறங்கியது, நிழலில் இலைகள் நிமிர்ந்தன, உயிர் தங்கியது. கால்வலியும் கூடவே திரும்பி வந்து, அம்மா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். நிழல் மட்டும் பழையபடி ஆகவில்லை.

ரம்ஷா பல்லடம் போய் டீக்கடை முன்னால் நின்று சொன்னாள். “பண்ணுமுங்க. நல்லதும் பண்ணும், கெட்டதும் பண்ணும். எவ்வளவு குடிச்சா எதுன்னு இன்னும் எனக்குத் தெரியலீங்க. தெரியற வரைக்கும் நிறுத்திப்போடுங்க. எல்லாரும் ரத்தம் பார்த்துக்கோணுமுங்க.”

வாரத்துக்கு ஒரு மடக்குக்குமேல் குடித்தறியாத சென்னகிருஷ்ணன் கொஞ்சம் யோசித்து, “அப்ப பேரை மாத்தோணுமுங்களே அம்மணி” என்றார். ரத்தம் கொடுக்க முதலில் சட்டைக் கையை மடித்ததும் அவர்தான்.

ஒரு மாலை, அஸர் தொழுகை நேரம். மேற்கு ஜன்னலைப் பார்த்து நாற்காலியில் அம்மா தொழ, பின்னாலிருந்த சுவரில் செடி நின்றது. பக்கத்தில் ரம்ஷா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சஜ்தாவுக்கு அம்மாவால் தலையைத்தான் கொஞ்சம் தாழ்த்த முடிந்தது. சுவரில் செடி வளைந்தது. வளைந்து வளைந்து, சுவரைவிட்டு இறங்கி, நுனிக்கொழுந்து தரையில் படும்படி குனிந்து, அம்மா தலை நிமிரும்வரை அப்படியே இருந்தது. ரம்ஷாவின் கையில் துணி நின்றுவிட்டது. உலகத்தில் இதைவிட அழகாக எதையும் அவள் பார்த்ததில்லை.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பிய அம்மா மகளின் முகத்தைப் பார்த்தார். “ஏங் கண்ணு, அது என்ன பண்ணுச்சு?”

“சஜ்தா பண்ணுச்சும்மா.”

உம்மல் குல்சும் சுவரையும் தரையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அப்ப அந்தத் துணிக்கூடையை நகத்திப்போடு. அதுக்கு இடம் வேணுமில்ல” என்றார்.

ரம்ஷா கூடையை நகர்த்தி வைத்தாள்.