கைபேசிக்கான அளவு

படத்தில் இருப்பவள் தன் மனைவி என்று லட்சுமணன் வகுப்பில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு நேரம் வாய்த்தது. பிரியதர்ஷினி மேடம் படத்தைச் சுவரில் விழவைத்து, "இன்னைக்கு எல்லாரும் இந்தம்மாவைத்தான் வெட்டி எடுக்கப் போறீங்க" என்றாரே, அப்போதே சொல்லியிருக்கலாம். வாயெடுத்தான். அதற்குள் எல்லோரும் மவுஸைப் பிடித்துவிட்டார்கள்.

ஜமுனாமரத்தூரில் சாமை, தேன், புளி விற்கும் உழவர் கம்பெனி அது. மலைக்காரர்களே நடத்துவது. சரக்கை இணையத்தில் விற்பதென்று முடிவானபோது, வெப்சைட்டுக்கான படங்களைச் செய்ய நம் பிள்ளைகளையே பழக்கினால் என்ன என்று தலைவி பாஞ்சாலை கேட்டாள். படித்தவர்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். கிடங்குக்கு மேலே இருந்த அறையில் வகுப்பு. மேடம் திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். லட்சுமணன் பி.எஸ்சி. படித்தவன், ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருந்தவன். போன மழைக்காலத்தில் மனைவி கோகிலவாணி மஞ்சள்காமாலையில் போனபின் அவன் ஓசூருக்குத் திரும்பவில்லை. வீட்டில் இருப்பதற்கு வகுப்பு தேவலை என்று வந்தான்.

படத்தில் கோகிலவாணி புளியமரத்தடியில் நிற்கிறாள். கையில் முறம், முறத்தில் சாமை. தலை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கிறது. கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறாள். காற்றில் முடி பறக்கிறது.

அந்தச் சிரிப்பை லட்சுமணன் பார்த்ததில்லை.

அவனிடமும் அவள் சிரித்ததுண்டு. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. அவள் சிரிப்பே அவ்வளவுதான் என்று நினைத்திருந்தான். இப்போது பார்த்தால் அவனுக்குக் கிள்ளிக் கொடுத்திருக்கிறாள். அள்ளிக் கொடுத்தது வேறு யாருக்கோ.

யாருக்கு என்பதை மேடமே சொன்னார். "ஃபோட்டோ எடுத்தது நம்ம ரஞ்சித்தான். ரெண்டு வருஷம் முன்னாடி கம்பெனிக்காக எடுத்தாராம். எவ்வளவு இயல்பா வந்திருக்கு பாருங்க."

பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த ரஞ்சித் தலையைச் சொறிந்துகொண்டான். மலைக்குக் கீழே செங்கத்துக்காரன். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன். கம்பெனிக்கும் எடுத்த பழக்கத்தில் வகுப்பில் சேர்ந்திருந்தான். வாய் ஓயாமல் பேசுவான். அவன் இருக்கும் மூலையில் எப்போதும் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ரெண்டு வருஷத்துக்கு முன் என்றால் லட்சுமணனுக்குக் கல்யாணமான புதிது. அவன் ஓசூரில் ஷிப்டில் நின்றிருப்பான்.

வெட்டுவதென்பது உருவத்தின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போவது. புள்ளிகளைக் கோடு இணைக்கும். கோடு ஒரு சுற்று வந்து சேர்ந்ததும் பின்னணி உதிர்ந்து உருவம் மட்டும் நிற்கும். லட்சுமணன் முறத்தில் ஆரம்பித்தான். கை, முழங்கை, தோள் வரை ஒழுங்காக வந்தது. கழுத்துக்கு வந்ததும் பக்கத்துத் திரையைப் பார்த்தான். ரஞ்சித்தும் கழுத்தில்தான் இருந்தான். படத்தைப் பெரிதாக்கி, காதோரமாக, ஒவ்வொரு புள்ளியாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்துக்கொண்டிருந்தான். திரை முழுக்க அவள் கழுத்து.

லட்சுமணன் அதற்குமேல் நிதானிக்கவில்லை. தலையைச் சுற்றி ஐந்தாறு புள்ளிகளைக் குத்தி முடித்துவிட்டான்.

மேடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். ரஞ்சித்தின் படத்தில் பறந்த முடி இழை இழையாக அப்படியே இருந்தது. பின்னால் மலையும் வானமும் வைத்து, "ஜவ்வாது மலைச் சாமை" என்று வலப்பக்கம் எழுதியிருந்தான். அவள் இடப்பக்கம் நின்று அந்த எழுத்தைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. லட்சுமணனுடையதில் முடியே இல்லை. தலை கட்டம் கட்டி நின்றது.

"இன்னாணா, அந்தக்காவுக்கு ஹெல்மெட் மாட்டி வுட்டுட்ட?" என்றான் ரஞ்சித்.

அறையே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார்.

"சாமை விக்க வண்டியிலதானே போவணும், பாதுகாப்பா போவட்டும்னு இருக்கும்" என்று பின்னாலிருந்து ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள்.

லட்சுமணனும் சிரிப்பதுபோல் உதட்டை அசைத்தான். அவளை நன்றாகப் பார்த்தவனுக்குத்தான் முடி இழை தெரியும் என்று மேடம் பொதுவாகச் சொன்ன வார்த்தை அவன் மேல் வந்து விழுந்தது.

அடுத்த வகுப்புக்குப் பாஞ்சாலை வந்தாள். வெப்சைட்டின் முகப்பில் போகும் பேனரைப் பார்க்க வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அடியே, இது நம்ம கோகிலாவாச்சே! லட்சுமணன் பொண்டாட்டி!"

ரஞ்சித் எழுந்து நின்றான். மேடம் லட்சுமணனைப் பார்த்தார்.

"ஏன் சார் சொல்லவே இல்ல?"

"சொல்றதுக்கு இன்னா இருக்குது மேடம்" என்றான்.

பாஞ்சாலை அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இதப் பாருப்பா. படம் லட்சணமா இருக்குது. ஆனா செத்துப்போன பொண்ணு. கேக்காம போடக்கூடாது. உன் சம்மதம் வேணும். உனக்கும் முன்னாடி அவ பொறந்த வூட்டு சம்மதம் வேணும். நம்ம பக்கம் அதுதான வழக்கம்?"

வேண்டாம் என்று அவனே சொல்லியிருக்கலாம். சொன்னால் பொறாமை என்று ஒருவருக்காவது தெரிந்துவிடும். அதனால் மாமியார் மேல் பாரத்தைப் போட்டான். "அத்தைய கேளுங்கக்கா. அவங்க சரின்னா எனக்கும் சரி."

மாமியார் வெள்ளையம்மாள் சரி சொல்லமாட்டாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். காரியம் முடிந்து கோகிலவாணியின் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துப்போனபோது, அவள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆணியில் மாட்டவும் விடவில்லை. பரண்மேல் போட்டுவிட்டாள்.

அன்று மாலை கிடங்குப் படியில் ரஞ்சித் வழிமறித்தான். "அண்ணா, சத்தியமா எனக்குத் தெரியாதுணா. அன்னிக்கு ஹெல்மெட்டுனு வேற சொல்லித் தொலச்சிட்டேன்."

"வுடு." லட்சுமணன் இரண்டு படி இறங்கி நின்றான். கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டான். "இன்னா சொல்லி சிரிக்க வெச்ச?"

"யார?"

"அவள."

ரஞ்சித் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "ஞாபகம் இல்லணா. அன்னிக்கு ஊர் ஊரா சுத்தி எடுத்தோம். எல்லாருகிட்டயும் எதையாச்சும் உளறுவேன். அந்தக்கா மொகமே எனக்கு இந்தப் படத்தப் பாத்துதான் தெரியும்."

ரஞ்சித் பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அந்தச் சிரிப்பை வாங்கினவனுக்கு அது நினைவில்கூட இல்லை. கேட்டு ஏங்குகிறவனுக்கு அது கிடைத்ததே இல்லை.

மாமியார் ஊரான நெல்லிவாசல்நாட்டுக்குப் போய்வந்த பாஞ்சாலை உட்காருமுன்பே சொன்னாள். "ஒரே பேச்சுல முடிஞ்சிது. படத்துல எப்படி இருக்கான்னு கேட்டாங்க. சிரிச்சிக்கினு இருக்கான்னேன். அப்ப போடும்மான்னுட்டாங்க."

லட்சுமணன் மவுஸைப் பிடித்துக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினான்.

அகலமான பேனர் ரஞ்சித்துடையது என்று முடிவாயிற்று. அதிலேயே ஒரு சிக்கலும் இருந்தது. கம்ப்யூட்டர் திரை அகலம், கைபேசித் திரை ஒடுக்கம். கைபேசியில் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு நடுவில் உள்ள மலை மட்டும்தான் தெரியும். கைபேசிக்குத் தனியாக ஒரு சின்னப் படம் வேண்டும், ஃபைல் எடை குறைவாகவும் வேண்டும் என்றார் மேடம். ஃபைல் சிறிதாக்குவதில் லட்சுமணன் கெட்டிக்காரன். அந்த வேலை அவனிடம் வந்தது.

"படத்துல எது முக்கியமோ அதை மட்டும் வெச்சுக்குங்க. மத்ததை விட்ருங்க. எது முக்கியம்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார்.

அவன் முடிவு பண்ணினான். வெட்டும் சட்டத்தை இழுத்துக் கீழே கொண்டுவந்தான். நெற்றி போயிற்று. கண் போயிற்று. வாய் போயிற்று. இரண்டு கைகளும் முறமும் சாமையும் மிஞ்சின. பார்க்க நன்றாகவே இருந்தது.

"சாமையைத்தானே விக்கிறோம். சரியாத்தான் யோசிச்சிருக்கீங்க" என்று மேடம் பாராட்டினார்.

ரஞ்சித் மட்டும் எட்டிப் பார்த்தான். "மொகத்த வுட்டுட்டியேணா?"

"சாமையத்தான விக்கிறோம்."

ரஞ்சித் திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனான்.

வெப்சைட் திறந்தாயிற்று. மலையில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லை. எல்லோரும் கைபேசியில்தான் பார்த்தார்கள். எல்லோரும் கைகளைப் பார்த்தார்கள். எங்கேயோ சென்னையில், பெங்களூரில் முகம் தெரியாத நாலு பேர் அவள் சிரிப்பைப் பார்த்துவிட்டுப் போகட்டும். இந்த மலையில் இனி யாருக்கும் அது கிடையாது. லட்சுமணனுக்கு அன்று பசித்தது. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான்.

சந்தை நாளில் ஷேர் ஜீப் பிடித்து வெள்ளையம்மாள் வந்து இறங்கினாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேராக மேலே ஏறிவந்தாள். விசேஷத்துக்குக் கட்டும் புடவை கட்டியிருந்தாள்.

"வாங்க அத்தை" என்று லட்சுமணன் எழுந்தான்.

"படம் போட்டாச்சுன்னாங்க மாப்ள. எங்க ஊர்ல பாறை மேல ஏறுனாத்தான் டவர் கெடைக்கும். பொம்பளைங்க அத்தினி பேரும் ஏறுனோம். பக்கத்து வூட்டுக்காரி போன்ல பாத்தோம். வெறும் கை இருக்குது. கெங்கம்மா சொல்றா, இது யாரு கையோன்னு. நான் இல்லடி, எம் பொண்ணு கைதான், பெருவெரல் காயம் தெரியுது பாருன்னேன்." மூச்சு வாங்கினாள். "மொகம் எங்க மாப்ள?"

ரஞ்சித் தன் நாற்காலியை விட்டு எழுந்து அவளை அதில் உட்காரவைத்தான். வெப்சைட்டைத் திறந்தான். அகலத் திரையில் கோகிலவாணி சிரித்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளையம்மாள் அழவில்லை. மகள் கன்னத்தைத் தொட்டாள். கண்ணாடி வழுக்கிற்று. மறுபடியும் தொட்டாள்.

"இப்படித்தான் சிரிப்பா. சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான். கோழி ஓடுனா சிரிப்பா, சட்டி கவுந்தா சிரிப்பா. வாய மூடுடின்னு கட்டிக் குடுக்கறப்ப நான்தான் சொல்லி அனுப்புனேன். மாமியா வூடு, பாத்து நடந்துக்கன்னு." ஆதார் படத்தைப் பற்றி அவளே சொன்னாள். "நீங்க சட்டம் போட்டு எடுத்தாந்தது எம் பொண்ணு மாதிரியே இல்ல மாப்ள. வாயத் தைச்ச மாதிரி இருந்துது."

பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். "இது ஏன் எங்க ஊருக்கு வரல? பட்டணத்துக்காரனுக்கு மொகம், எங்களுக்குக் கையா?"

எல்லோரும் லட்சுமணனைப் பார்த்தார்கள். ரஞ்சித் குறுக்கே புகுந்தான். "என் தப்புதாம்மா. பெரிய படமா செஞ்சிட்டேன். உங்க ஊர் டவருக்கு அது வராது. அண்ணன்தான் இன்னா பண்றதுன்னு வழி பாத்துனு இருக்காரு."

வெள்ளையம்மாள் நம்பினாள். லட்சுமணனுக்குக் காதுமடல் சுட்டது. கோகிலவாணியின் சிரிப்பை வாங்கினவன் இவன். முடியை இழை இழையாக எடுத்தவன் இவன். இப்போது பழியையும் இவனே வாங்கிக்கொண்டு தன்னைப் பெரிய மனிதனாக்கிவிட்டான். ஒன்றையாவது தனக்கென்று விட்டுவைக்கமாட்டானா?

"ரஞ்சித்து" என்றான். "நீ வெட்டுன ஃபைலக் குடு."

"எதுணா?"

"அவள மட்டும் தனியா வெச்சிருப்பியே. அந்த லேயரு. என்னுது ஒதவாது."

ரஞ்சித் அதைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான்.

லட்சுமணன் உட்கார்ந்தான். சட்டத்தை மேலே ஏற்றினான். முகம் நடுவில் வந்தது. எடை பார்த்தான். நெல்லிவாசல்நாட்டுப் பாறைக்கு அது மிக அதிகம். அழுத்திக் குறைத்தால் பல் மங்கியது, கண் கட்டம் கட்டமாக உடைந்தது. அவளைக் குறைக்கக்கூடாது. வேறு எதைக் குறைக்கலாம் என்று பார்த்தான். ரஞ்சித் வைத்த மலையை எடுத்தான். மேகத்தை எடுத்தான். பின்னால் ஒரே நிறமாக மஞ்சளைப் பூசினான். ஒரே நிறத்துக்கு எடை இல்லை. எழுத்தையும் எடுத்துப் படத்துக்கு வெளியே வைத்தான். அவள் மட்டும் இருந்தாள். மேடம் பின்னால் வந்து நின்றார். படத்தை வெப்சைட்டில் ஏற்றிவிட்டார்.

மாமியாரோடு அதே ஜீப்பில் அவனும் போனான். ஊருக்கு மேலே பாறையில் பெண்கள் கூடினார்கள். தன் கைபேசியைத்தான் திறந்து நீட்டினான். மஞ்சள் முதலில் வந்தது. கொஞ்சம் காத்திருந்தார்கள். பிறகு அவள் வந்தாள்.

"ஆத்தாடி, அவளேதான்!" என்று கெங்கம்மாள் கத்தினாள். "ஏண்டி, இன்னாத்துக்குடி இப்படிச் சிரிக்கிற?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி கேட்டாள், "யாரு எடுத்தது மாப்ள? நீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் இந்தப் பாறையில் யாரும் மறுக்கப்போவதில்லை.

"ரஞ்சித்துன்னு ஒரு தம்பி" என்றான். "செங்கத்துப் பையன்."

"நல்லா இருக்கட்டும் அந்தப் புள்ள" என்றாள் வெள்ளையம்மாள்.

அதையும் கேட்டுக்கொண்டான். கைபேசி கைமாறிக்கொண்டே போயிற்று. வெளிச்சம் அணைந்தால் யாராவது தட்டி எழுப்பினார்கள். ஒவ்வொருத்தியும் அவளிடம் ஏதோ சொன்னாள். திட்டினாள், கொஞ்சினாள், அடுத்தவளிடம் கொடுத்தாள். லட்சுமணன் பாறையின் ஓரத்தில் உட்கார்ந்து தன் முறை வரட்டும் என்று காத்திருந்தான்.